தண்ணீர் காட்டும் சைக்கிள் பாதை

அல்சூர் ஏரியிலிருந்து மரநிழலிலும் நீர்க்கரையிலுமாக நிதானமாக சைக்கிள் மிதித்துப் போக பெங்களூரில் ஒரு வழி உண்டு. தண்ணீர் அதை எப்போதோ போட்டுவிட்டது. அதை மனிதர்கள் விட்டுவைப்பார்களா என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை பிழைப்புக்காக ஓட்டுகிறது. பேப்பர் போடும் பையன், கேனில் டீ கொண்டுபோய் விற்பவர், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளி. இவர்களுக்கு வேறு வழியில்லை. இரண்டாவது வகை ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஹெல்மெட்டும் இறுக்கமான பனியனும் அணிந்து, மோட்டார் பைக்கின் விலையுள்ள சைக்கிளில் நந்திமலையைப் பார்த்துப் பறக்கிறது. இவர்களுக்கு வேகம்தான் முக்கியம்.

மூன்றாவதாக ஒரு வகையும் இருந்திருக்க வேண்டும். பிள்ளையை முன்னால் ஓட்டவிட்டுப் பின்னால் மெல்ல வரும் அப்பா, ஓய்வு பெற்ற பிறகு பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்த தாத்தா, காய்கறி வாங்கிவர சைக்கிளே போதும் என்று நினைக்கும் இல்லத்தரசி. இவர்களை பெங்களூர் சாலைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆசை இல்லாமல் இல்லை. ஓட்டுவதற்கு இடம்தான் இல்லை.

உலகின் பல நகரங்கள் இந்த மூன்றாவது வகையினருக்கென்றே பாதைகளை ஒதுக்கியிருக்கின்றன. மோட்டார் வாகனங்கள் நுழைய முடியாத, மரங்கள் சூழ்ந்த, பெரும்பாலும் ஆற்றையோ கால்வாயையோ ஒட்டிச் செல்லும் பசுமைப் பாதைகள். அவற்றில் போகிறவர்கள் எங்கேயும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டியதில்லை. மணிக்கு 12 அல்லது 15 கிலோமீட்டர் வேகம். பறவை கூவினால் நிற்கலாம், பசித்தால் உட்காரலாம். ஒரு காலைப் பொழுதிலும் முடியும், ஒரு வார விடுமுறைக்கும் நீளும்.

பெங்களூரில் இப்படி ஒரு பாதைக்கு எங்கே தொடங்குவது என்று கேட்டால், தமிழர்களுக்கு நன்கு பழகிய ஒரு பேட்டையைத்தான் காட்ட வேண்டும். அது அல்சூர்.

ஏரியும் ஊரும்

கன்னடத்தில் ஹலசூரு. பலாத்தோப்பு இருந்த ஊர் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள். கன்னடத்தில் ஹலசு என்றால் பலா. 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு இடம் மாறி கண்டோன்மென்ட் உருவானபோது, படையோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், வியாபாரிகள், கொத்தர்கள், சமையல்காரர்கள், கான்ட்ராக்டர்கள். அவர்களில் பலர் குடியேறிய பகுதிகளில் ஒன்று அல்சூர். பெங்களூர் தமிழ்ச் சங்கம் இன்றும் இங்கேதான் இருக்கிறது. கப்பன் பூங்காவில் செக்கச் சிவந்து நிற்கும் அட்டார கச்சேரியை, அதாவது இன்றைய உயர் நீதிமன்றத்தை 1860களில் கட்டிய ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் பெயரால் இயங்கும் கல்வி நிறுவனங்களும் ஏரிக்கு அருகிலேயே உள்ளன.

ஏரி அதற்கெல்லாம் முந்தியது. 1537-ல் பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடாவின் வழித்தோன்றலான இரண்டாம் கெம்பே கவுடாவின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். 1862 முதல் 1870 வரை கமிஷனராக இருந்த லெவின் பௌரிங் அதைச் சீர்படுத்தினார். பரப்பு சுமார் 50 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்குச் சற்று மேல். நடுவே மரங்கள் அடர்ந்த சிறு தீவுகள். கரையோரம் குருத்வாரா, படகுத் துறை, கணேசர் சிலைகளைக் கரைக்கத் தனியே கட்டிய குளம். ஒரு பக்கம் முழுக்க ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வளாகம். 1780-ல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களுக்கு இந்திய ராணுவத்தில் வழங்கும் செல்லப் பெயர் ‘தம்பி’. பழைய நகரத்தின் எல்லை என்று காட்டப்படும் நான்கு கெம்பே கவுடா கோபுரங்களில் ஒன்று அந்த வளாகப் பக்கம்தான் இருக்கிறது.

ஏரிக்கு அருகே திருவள்ளுவரும் அமர்ந்திருக்கிறார். 1991-ல் வைக்கப்பட்ட சிலை, மொழிச் சச்சரவில் சிக்கி 18 ஆண்டுகள் சாக்குத் துணிக்குள் மறைந்திருந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஒரு காரியம் நடக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அந்தச் சிலை ஒரு சாட்சி. இதைவிட நீளமான ஒரு பொதுக் காரியம் அதே ஏரியில் காத்திருக்கிறது.

சைக்கிளுக்கும் தண்ணீருக்கும் ஒரே புத்தி

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முதல் எதிரி மேடு. நூறு மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் ஏறினால் தெரியவே தெரியாது. இரண்டு மீட்டர் ஏறினால் பேசிக்கொண்டே மிதிக்கலாம். ஐந்து மீட்டர் என்றால் பேச்சு நின்று மூச்சு வாங்கும். எட்டு, பத்து என்றால் பழக்கமில்லாதவர்கள் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

தண்ணீருக்கும் மேடு ஆகாது. ஒரு பள்ளத்தாக்கில் எது மிகத் தாழ்ந்த, மிகச் சீரான வழியோ அதைத் தானே தேடிக்கொள்கிறது. ஆகவே ஒரு ஓடையின் கரையோடு போகிறவர், அந்த நிலப்பரப்பிலேயே காலுக்கு மிக இதமான வழியில் போகிறார் என்று அர்த்தம். அங்கே மரம் இருக்கும், நிழல் இருக்கும், காற்றில் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். குறுக்கே சாலைகளும் குறைவு. இன்ஜினியர் வரைபடம் போடாமலேயே கிடைக்கும் பாதை அது.

தஞ்சை மாவட்டத்துக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்கால் கரையில் கேரியரில் புத்தக மூட்டையோடு பள்ளிக்கூடம் போனவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. ஈரோட்டுப் பக்கம் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் கரைப் பாதையும் அப்படித்தான். வாய்க்காலைப் பார்வையிடுவதற்காகப் போட்ட பாதை, ஊர்க்காரர்களின் சைக்கிள் பாதையும் ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் பலர் பழகியதும் கரைகளிலும் களத்துமேடுகளிலும் வண்டித் தடங்களிலும்தான். பசுமைப் பாதை என்ற பெயர் நமக்குப் புதிது. விஷயம் புதிதல்ல.

ஒரு நீதிபதி நடந்த நடை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து நகரம் வரை பொட்டோமேக் ஆற்றை ஒட்டி ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. நீளம் சுமார் 297 கிலோமீட்டர். ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து நிலக்கரிப் படகுகளை இழுத்துப் போயின. ரயில் வந்தது, 1924-ல் வெள்ளமும் வந்தது, போக்குவரத்து நின்றது. கழுதைகள் நடந்த தடம் மட்டும் காட்டுக்கு நடுவே கிடந்தது.

1950களில் அதன்மீது மோட்டார் சாலை போடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். என்னோடு முழுத் தூரமும் நடந்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள் என்பது சாரம். பத்திரிகைக்காரர்களும் சவாலை ஏற்று வந்தார்கள். மார்ச் மாதம் எட்டு நாள் நடை. புறப்பட்டவர்களில் கடைசி வரை நடந்தவர்கள் ஒன்பது பேர்தான். ஆனால் நாடே பார்த்தது, பத்திரிகையும் நிலையை மாற்றிக்கொண்டது, சாலை யோசனை கைவிடப்பட்டது. 1971-ல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. இப்போது அங்கிருந்து பழைய ரயில் பாதை ஒன்றின் வழியே பிட்ஸ்பர்க் வரை, மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் வாகனத்தின் தொல்லை இல்லாமல் சைக்கிளிலேயே போய்விடலாம்.

பழைய ரயில் பாதைகள் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன? ரயிலுக்கும் மேடு ஆகாது என்பதால்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் - ஸ்பார்ட்டா இடையே கைவிடப்பட்ட ரயில் தடம் 1960களில் பாதையாக மாறியபோது, மற்ற மாநிலங்களும் விழித்துக்கொண்டன.

நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். நிலத்துக்குத் தங்க விலை உள்ள அந்தத் தீவில் சைக்கிள் பாதைக்குத் தனியாக நிலம் வாங்குவது கனவிலும் நடக்காது. அவர்கள் கண்டுபிடித்தது மழைநீர் வடிகால்களின் ஓரம். கால்வாயைப் பராமரிக்க எப்படியும் விட்டுவைத்த நிலத்தைப் பூங்காக்களுக்கு இடையிலான இணைப்பாக மாற்றினார்கள். 1990களில் தொடங்கிய வேலை, இப்போது 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பீஷான் பூங்காவில் சிமெண்ட் சாக்கடைபோல் ஓடிய கால்வாயை 2012-ல் உடைத்து, வளைந்து நெளிந்து புல்லும் பாறையுமாக ஓடும் ஆறாகவே மாற்றிவிட்டார்கள். மழைக்காலத்தில் பூங்காவே வெள்ளத்தைத் தாங்குகிறது. வெயில் காலத்தில் பிள்ளைகள் கரையில் சைக்கிள் விடுகிறார்கள்.

இப்போதைக்கு ஒரு காலை

அல்சூரில் இன்று என்ன சாத்தியம்? ஞாயிறு காலை ஆறு மணிக்குள் ஏரியில் தொடங்குவது நல்லது. கென்சிங்டன் ரோட்டுப் பக்கம் நீரைப் பார்த்தபடி ஒரு சுற்று. அப்படியே பழைய ஊருக்குள் புகுந்தால் சோமேஸ்வரர் கோயில். அதன் எதிரே மண்ணுக்குள் மூடிக் கிடந்த பழைய குளம் 2010-ல் மீண்டும் வெளியே வந்தது. ஏரிகளை மூடிப் பழகிய நகரத்தில் ஒரு குளம் திறந்தது அபூர்வம்தான்.

அங்கிருந்து திரும்பி, கங்காதர செட்டி ரோடு, டிக்கன்சன் ரோடு, கப்பன் ரோடு வழியாக மூன்று நான்கு கிலோமீட்டரில் கப்பன் பூங்கா. அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய ரோட்டில் பெரிய மரங்களின் நிழல் உண்டு. 1870-ல் உருவான பூங்கா இது. 2015-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வாகனங்கள் உள்ளே நுழையத் தடை வந்தபோதுதான், இந்த ரோடுகள் இவ்வளவு அகலமா என்று நகரத்துக்கே தெரிந்தது. காரும் ஆட்டோவும் இல்லாத அந்த நேரத்தில் மூன்று சக்கர சைக்கிள் முதல் இரட்டை சீட் சைக்கிள் வரை எல்லாம் வந்துவிடுகிறது. மூங்கில் புதர்கள், அட்டார கச்சேரி, சேஷாத்ரி ஐயர் நினைவு நூலகம் என்று சுற்றி வந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்கு உகந்தவை. ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி நகரத்துக்கு மரங்களைத் தேர்ந்தவர், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் க்ரும்பிகல். அவர் காட்டிய வழியில் பின்னால் வந்தவர்களும் நட்டார்கள். இளஞ்சிவப்புப் பூக்கள் சாலையில் விரிப்புப் போட்டது போல் கிடக்கும் காலம் அது.

இதற்கு விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். டயரில் காற்றும், இரண்டு பிரேக்கும், மணியும் சரியாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான், சின்ன பம்ப் இருந்தால் தைரியம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நகரம் என்பதால் காலை எட்டு மணி வரை வியர்வை தெரியாது. எட்டரைக்கு மேல் சாலை மீண்டும் கார்களுடையது.

ஏரியிலிருந்து பூங்காவுக்கு மேற்கே போகும் இந்தச் சவாரி சுகமானது, ஆனால் பாதி தூரம் வாகனச் சாலையில்தான். உண்மையான நீர்வழி எதிர்த் திசையில், கீழ்நோக்கி இருக்கிறது.

கீழே போகும் தண்ணீர்

பெங்களூர் ஒரு மேட்டு முதுகின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நகருக்குப் பெரிய ஆறு கிடையாது. மழை நீர் மூன்று பள்ளத்தாக்குகள் வழியே வடிகிறது. விருஷபாவதி வழியாகப் போகும் நீர் அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. ஹெப்பாள், கோரமங்களா - செல்லகட்டா ஆகிய மற்ற இரண்டின் நீரும் தென்பெண்ணைக்கு. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஏரிக்குக் கீழே ஏரி, நடுவே இணைக்கும் கால்வாய். இந்தக் கால்வாய்களுக்கு ராஜ காலுவே என்று பெயர். மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே. தமிழ்நாட்டில் ஏரிச் சங்கிலி என்று சொல்கிறோமே, அதேதான்.

ஜெயமகால் பக்கத்திலிருந்து இறங்கும் நீரை அல்சூர் ஏரி வாங்கிக்கொள்கிறது. அதன் உபரி செல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கி, நகரின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூருக்குப் போகிறது. அதன் பின் வர்த்தூர், அதற்கு அப்பால் தென்பெண்ணை. கால்வாயின் கரை முழுவதும் நடமாடக்கூடியதாக இருந்திருந்தால், அல்சூரில் ஏறிய ஒருவர் பெடலை அழுத்தாமலேயே பெல்லந்தூர் போய் இறங்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவ்வளவு சீரான இறக்கம்.

ஆனால் சங்கிலியில் கண்ணிகள் கழன்றுவிட்டன. தர்மாம்புதி ஏரியின்மேல் கெம்பேகவுடா பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரியின்மேல் கண்டீரவா ஸ்டேடியம். செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று. கால்வாய்கள் பல இடங்களில் சிமெண்ட் சுவர்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு, கழிவுநீர்ச் சாக்கடைகளாகிவிட்டன. சில இடங்களில் கட்டடங்களுக்கு அடியில் மறைந்தே போயின.

விளைவுகள் ஊரறிந்தவை. 2015, 2017, 2018 என்று அடுத்தடுத்து பெல்லந்தூர் ஏரியில் தீப்பிடித்தது. தண்ணீரில் தீ! 2018 ஜனவரித் தீயை அணைக்க ராணுவ வீரர்களும் இறங்க வேண்டியிருந்தது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. 2022 செப்டம்பரில் கொட்டிய மழையில் பெல்லந்தூர்ப் பக்கத்து வெளிவட்டச் சாலை ஏரியாகிவிட, கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். தண்ணீரின் வழியை மனிதன் எடுத்துக்கொண்டால், மனிதனின் வழியைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது.

மூன்று மீட்டர் போதும்

சட்டம் இந்த நிலத்தை மறந்துவிடவில்லை. பெங்களூரின் 2015 மாஸ்டர் பிளான்படி ஏரியைச் சுற்றி 30 மீட்டர், கால்வாய்களுக்கு அவற்றின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் வரை எதுவும் கட்டக் கூடாது. 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளுக்கு இதை 75 மீட்டராக உயர்த்தியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து பழைய அளவுக்கே திருப்பியது. 2025 ஆகஸ்டில், ஏரியின் பரப்பைப் பொறுத்து இந்த இடைவெளியை மாற்றும் மசோதாவைக் கர்நாடக சட்டமன்றம் நிறைவேற்றியது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளுக்கு 30 மீட்டர் தொடரும், சிறிய ஏரிகளுக்கு அதைவிடக் குறைவு என்பது அதன் சாரம். ஏரிப் பாதுகாப்பு அமைப்புகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது.

அல்சூர் பெரிய ஏரி, அதற்கு உடனடி ஆபத்தில்லை. ஆனால் சங்கிலியின் பலம் அதன் சின்னக் கண்ணியில்தான். பெரிய ஏரிகளைக் காப்பாற்றிவிட்டு நடுவே உள்ள குட்டைகளையும் கால்வாய்களையும் விட்டுவிட்டால், மிஞ்சுவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில சுற்றுப் பாதைகளே. காலையில் பத்து சுற்று நடந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக முடியாது.

சைக்கிள் இங்கேதான் உதவிக்கு வருகிறது. எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள்கள் போக 3 மீட்டர் அகலம் போதும். சட்டம் விட்டுவைக்கச் சொல்லும் குறைந்தபட்ச இடத்தில் அது ஒரு பகுதிதான். ஆள் நடமாட்டம் உள்ள கரையில் இரவோடு இரவாக லாரி வந்து இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போவது கடினம். புதிதாக ஒரு சுவர் எழும்பினால் மறுநாளே நாலு பேர் கண்ணில் படும். வேலி போடுவதைவிட மலிவான காவல் இது.

நகரம் இந்தத் திசையில் ஒரு அடி எடுத்தும் வைத்திருக்கிறது. மெஜஸ்டிக் பக்கத்திலிருந்து கே.ஆர். மார்க்கெட், சாந்திநகர் வழியாக பெல்லந்தூரை நோக்கிப் போகும் கால்வாயைச் சாக்கடை நிலையிலிருந்து மீட்டு, கரையை மக்கள் நடமாடும் இடமாக்கும் கே-100 என்ற திட்டம் 2021-ல் தொடங்கியது. சில இடங்களில் கரையோர நடைபாதையும் செடிகளும் வந்தன. கழிவுநீரைத் தனியே பிரிப்பது எதிர்பார்த்ததைவிடச் சிரமமாக இருந்ததால் வேலை குறித்த காலத்தில் முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் உல்லாசமாக சைக்கிள் ஓட்ட மாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள பாடம். முதலில் குழாய், பிறகு பாதை.

சாலையில் கோடு போட்டுப் பார்த்த முயற்சிகள் இதைவிடப் பரிதாபம். ஜெயநகரில் 2012-ல் வந்த சைக்கிள் தடங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. 2020-ல் வெளிவட்டச் சாலையில் தடுப்புக் குச்சிகள் நட்டுப் போட்ட தடம், மெட்ரோ வேலைக்கும் நெரிசலுக்கும் பலியானது. 2013-ல் தொடங்கிய ‘சைக்கிள் தினம்’ ஞாயிறுகளில் உற்சாகம் இருந்தது. திங்கட்கிழமை அது இருந்த சுவடு தெரியவில்லை. காரோடு போட்டி போட்டு சைக்கிள் ஜெயித்த சாலை பெங்களூரில் இதுவரை இல்லை. கார் வரவே முடியாத இடம்தான் அதற்குச் சரி.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பல ஏரிகளின் நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. நடப்பவர்கள், குறிப்பாக வயதானவர்கள், பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிளைக் கண்டு பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. சிங்கப்பூரில் வேக வரம்பு உண்டு, மீறினால் அபராதம் உண்டு. இடமிருந்தால் தனித் தடம், இல்லாவிட்டால் காலை மாலை நேரங்களில் நடப்பவர்களுக்கே முன்னுரிமை என்று பிரித்துக்கொள்ளலாம். நிதானமாக ஓட்டுவதுதான் நோக்கம் என்றால், வேகத்தைக் குறைக்கச் சொல்வதில் யாருக்கும் வருத்தம் இருக்காது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பாதை என்ற பெயரில் கரை முழுக்க சிமெண்ட் கொட்டி, கைப்பிடிச் சுவரும் கலர் விளக்கும் வைத்தால் ஏரிக்கு அதுவும் ஒரு ஆக்கிரமிப்புதான். நீரை உறிஞ்சும் செம்மண்ணும் சரளையும் போட்டு இறுக்கிய தடம் சைக்கிளுக்கு நன்றாகவே போதும். வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன்மேல் ஏறிப் போகட்டும். இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

ஓசூரில் ஒதுங்கும் நுரை

இது பெங்களூர்க்காரர்களின் ஞாயிறு பொழுதுபோக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பெல்லந்தூரும் வர்த்தூரும் கடந்த நீர் தென்பெண்ணையில் கலந்து முதலில் சேரும் தமிழ்நாட்டு அணை ஓசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி. மழைக்காலத்தில் மதகுகள் திறந்தால் வெள்ளை வெளேரென்று நுரை மலைபோல் எழும்பும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கலாம். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, பிறகு கடலூர் அருகே வங்கக் கடல். அல்சூர் ஏரியில் விழும் ஒரு துளி, வழியில் தடங்கல் இல்லாவிட்டால், இத்தனை ஊர்களையும் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது.

அணைக்கட்டு, தண்ணீர்ப் பங்கு என்று வரும்போது இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில்தான் சந்தித்துக்கொள்கின்றன. ஒரே நீரின் மேல்கரையிலும் கீழ்கரையிலும் மக்கள் நடமாடும் பாதை இருந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கரையில் தினமும் போகிறவர்களுக்குத் தண்ணீரின் நிறமும் நாற்றமும் தெரியும். நிறம் மாறினால் கேட்பார்கள். டக்ளஸ் நடந்தபோது அவரோடு போனவர்கள் கண்டதும் அதுதான். வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிந்தது, நேரில் போனால் காடாகவும் ஆறாகவும் இருந்தது.

செய்ய வேண்டியது பெரிய காரியமாகத் தோன்றலாம். தொடக்கம் சின்னதாகவே இருக்க முடியும். அல்சூர் ஏரியைச் சுற்றிப் பொதுமக்கள் போகக்கூடிய பகுதியில் தொடர்ச்சியாக ஒரு தடம். ஏரியின் மதகிலிருந்து கீழே போகும் கால்வாயில், திறந்து கிடக்கும் முதல் இரண்டு கிலோமீட்டருக்குக் கரை. எல்லைக் கல் நட்டு, கழிவுநீர்க் குழாயைத் திருப்பி, நாலு வேப்ப மரமும் புங்க மரமும் வைத்தால் முதல் கட்டம் முடிந்தது. மீதி வழியைத் தண்ணீர் ஏற்கெனவே காட்டிவிட்டது.

வள்ளுவர் சிலையின் துணி விலக 18 ஆண்டு ஆயிற்று. அது சிலை, காத்திருந்தது. கால்வாய்க் கரை அப்படிக் காத்திருக்காது. ஒவ்வொரு மழைக்கும் மழைக்கும் நடுவே யாரோ ஒருவர் அதில் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறார்.